வெள்ளை கிரானைட் சமையல் மேடையில் எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை: கல்லையே மாற்ற வேண்டுமா?

ஸ்ரீரங்கத்து மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். புது வீடு கட்டித் தை மாதம் குடி வந்தோம். சமையல் மேடைக்குக் கறுப்புக் கல்தான் போடுவதாக இருந்தது. கடையில் காஷ்மீர் ஒயிட் என்று ஒரு கல்லைக் காட்டினார்கள். வெள்ளையில் லேசான சாம்பல் ஓட்டம், அங்கங்கே மாதுளை முத்து மாதிரி சிவப்புப் புள்ளிகள். பார்த்ததும் மயங்கிவிட்டேன். "நம் வீட்டுச் சமையலுக்கு வெள்ளை ஆகாதும்மா" என்று மாமியார் கடையிலேயே சொன்னார். நான்தான் கேட்கவில்லை. கறுப்பைவிடச் சதுர அடிக்கு 45 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கி வந்தேன். ஏழே மாதத்தில் அவர் வாக்குப் பலித்துவிட்டது. "நான் அப்போதே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லித் திட்டிவிட்டால்கூடத் தேவலை. சொல்லவே மாட்டேன் என்கிறார்.

இப்போது மேடையின் நிலைமை இது.

அடுப்புக்கு வலப்பக்கம் நல்லெண்ணெய்த் தூக்கு வைக்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருவட்டம். எப்போது பார்த்தாலும் ஈரமாக இருப்பது போலவே இருக்கிறது. தொட்டால் ஈரம் இல்லை, பிசுக்கும் இல்லை.

ஆடிப்பெருக்கு அன்று தாலிக்கயிறு மாற்றுவதற்காக மஞ்சள் குழைத்துக் கிண்ணத்தில் வைத்திருந்தேன். கிண்ணம் சாய்ந்துவிட்டது. அம்மா மண்டபத்தில் கூட்டம் சேர்வதற்குள் போய்விட வேண்டும் என்ற அவசரம், மேலாக வழித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். காவிரியைப் பார்த்துவிட்டு மத்தியானம் வந்தால் கல் மஞ்சள் குளித்து உட்கார்ந்திருக்கிறது! துணி சோப்புத் தூளைக் குழைத்து வைத்துத் தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை, குங்குமச் சிவப்பாக மாறிவிட்டது. எனக்குக் கைகால் ஓடவில்லை. இரண்டு மூன்று முறை கழுவியதும் திரும்ப மஞ்சளாகிவிட்டது.

அந்த சிவப்புப் புள்ளிகள் முன்பைவிட அதிகமாகியிருக்கின்றன என்று தோன்றுகிறது. துரு என்று நினைத்து ஒரு நாள் சாயங்காலம் கம்பி நார் போட்டு அழுத்தித் தேய்த்தேன். புள்ளி அப்படியே இருக்கிறது, அந்த இடத்துப் பளபளப்புதான் போய்விட்டது.

கடைசியாக, சிங்க்கைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குக் கல் கறுத்துக் கிடக்கிறது. நடுவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஐந்து நாள் கழித்து வந்தோம். வந்து பார்த்தால் கறுப்பையே காணோம்! கல் புதுசு மாதிரி வெள்ளையாக இருந்தது. சந்தோஷம் ஒரு நாள்தான். மறுநாள் ராத்திரி பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் பழையபடி ஆகிவிட்டது.

கல் போட்டவரிடம் கேட்டால் "வெள்ளைக் கல்லு அப்படித்தான்" என்று போனை வைத்துவிட்டார். வீட்டுக்காரர் பாத்ரூம் கழுவும் ஆசிட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பிடுங்கி ஒளித்து வைத்திருக்கிறேன். இதற்கு வழி இருக்கிறதா, இல்லை பேர்த்துவிட்டுக் கறுப்புக் கல்தான் போட வேண்டுமா?

கொங்கு அடுப்படி

இதற்கா இவ்வளவு கவலை? எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி, உப்பைத் தொட்டு நன்றாகத் தேய்த்து அரைமணி நேரம் விடுங்கள். எங்கள் வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கே பளிச்சென்று ஆகிறது.

கும்பகோணம் பழைய வீடு

கொங்கு, விளக்கு வேறு, கல் வேறு சாமி. எலுமிச்சையை எடுக்காதேம்மா.

எங்கள் வீட்டில் இருப்பது கடப்பாக் கல் மேடை, 40 வருஷத்துக்கு முன்னால் போட்டது. அரை எலுமிச்சம்பழத்தை ஒரு தடவை கவிழ்த்து வைத்துவிட்டு மறந்துபோனேன். காலையில் எடுத்தால் அச்சு வார்த்த மாதிரி வெள்ளை வட்டம். கறையென்று நினைத்து ஒரு வாரம் தேய்த்தேன். அப்புறம் ஒரு கல் தச்சர் வந்து, "அம்மா, இது கறையே இல்லை, புளிப்புப் பட்டுக் கல் அரித்திருக்கிறது. தேய்த்தால் எப்படிப் போகும்?" என்றார். வாஸ்தவம்தான். விரலை வைத்துத் தடவினால் அந்த வட்டத்தில் மட்டும் சொரசொரப்புத் தெரிகிறது. புளிக்கரைசல், தயிர், தக்காளி எது பட்டாலும் இதே கதைதான்.

இப்போது வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மேடையைத் துடைத்துக் காயவிட்டு, துணியில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்துவிடுவேன். வெள்ளை மறைந்து கருகருவென்று இருக்கும். இது கடப்பாவுக்கு மட்டும்தான். உன் வெள்ளைக் கல்லில் இதைச் செய்துவிடாதே!

மேலூர் பாலிஷ்காரன்

மேடம், 22 வருஷமாகக் கல் பாலிஷ்தான் எனக்குத் தொழில். உங்கள் கல்லை எனக்கு நன்றாகத் தெரியும். பேரில்தான் காஷ்மீர் இருக்கிறது, கல் எங்கள் மதுரைப் பக்கத்தது. கடையில் இதைச் சொன்னால் விலை குறைந்துவிடும் என்று சொல்ல மாட்டார்கள்.

முதலில் நல்ல செய்தி. கல்லைப் பேர்க்க வேண்டாம். நீங்கள் சொன்ன நாலில் ஒன்று கறையே இல்லை, ஒன்று வெறும் தண்ணீர். மிச்சம் இரண்டுதான் கறை, இரண்டையும் எடுக்கலாம்.

அந்த சிவப்புப் புள்ளி கல்லோடு பிறந்தது. கார்னெட் என்பார்கள். நவரத்தினத்தில் கோமேதகம் இருக்கிறதே, அந்தக் குடும்பம். கடையில் உங்களை மயக்கியதே அதுதான், இப்போது அதையே கம்பி நாரால் தேய்த்திருக்கிறீர்கள். துருவா, கார்னெட்டா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். கார்னெட் என்றால் ஓரம் திட்டமாக, கண்ணாடிச் சில்லு மாதிரி தெரியும். துரு என்றால் ஓரம் கலங்கி, சுற்றிலும் டீ சிந்தின மாதிரி பழுப்பு பரவியிருக்கும். கம்பி நார் ஒன்றும் கிரானைட்டைக் கீறிவிடாது, கல் அதைவிடக் கெட்டி. உங்களுக்குப் பளபளப்புப் போனது பெரும்பாலும் கடையில் மேலாகத் தடவிக் கொடுத்த மெழுகாக இருக்கும். ஆனால் நாரின் தூள் கண்ணுக்குத் தெரியாமல் கல்லின் துளையில் மாட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். புள்ளி கூடியிருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றுவது அதனால்கூட இருக்கலாம். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி மேடை மேல் ஓட்டிப் பாருங்கள், ஒட்டிக்கொண்டு வரும்.

சிங்க் ஓரம் கறுப்பது தண்ணீர். கல்லின் மேல்முகத்துக்கு மட்டும்தான் பாலிஷ் உண்டு. சிங்க்குக்காக அறுத்த ஓரம் பாலிஷ் ஏறாத வெறும் கல், அது பஞ்சு மாதிரி உறிஞ்சும். ஐந்து நாள் வீடு பூட்டிக் கிடந்தபோது காய்ந்து வெளுத்ததே, அதைவிட வேறு சாட்சி வேண்டாம். இதைக் கடைசியில் பார்ப்போம்.

இப்போது எண்ணெய். பஜ்ஜி வைத்த பேப்பரைப் பார்த்திருப்பீர்கள், எண்ணெய் இறங்கின இடம் கறுத்துத் தெரியும். உங்கள் கருவட்டமும் அதேதான். எண்ணெய் மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. அதனால்தான் தேய்த்துப் பிரயோஜனம் இல்லை. உள்ளே போனதை வெளியே உறிஞ்ச வேண்டும். அதற்குக் கல்லுக்குப் பத்துப் போட வேண்டும், தலைவலிக்கு நெற்றியில் போடுகிறோமே, அதே மாதிரி.

வெள்ளைச் சாக்பீஸ் தூள் அல்லது வாசனை இல்லாத டால்கம் பவுடர் ஒரு டம்ளர். ஹார்டுவேர் கடையில் அசிட்டோன் என்று கேட்டு வாங்குங்கள். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் எண்ணெய், சாயம் எல்லாம் சேர்த்திருப்பார்கள், அது வேண்டாம். இரண்டையும் குழைத்தால் வடை மாவுப் பதம் வர வேண்டும், ஓடக்கூடாது. கறைக்கு வெளியே ஒரு அங்குலம் தள்ளி, கால் அங்குலத்துக்கு மேல் கனமாக அப்புங்கள். பால் கவரைக் கழுவி வெட்டி விரித்து மேலே மூடி, ஓரத்தை டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். மறுநாள் கவரை எடுத்துவிட்டு, பத்து தானாகக் காய்ந்து வெடிக்கும்வரை கை வைக்காதீர்கள். எல்லோரும் தப்புச் செய்வது இங்கேதான். கறையை இழுப்பது ஈரம் காயும்போதுதான். சுவரில் உப்புப் பூக்கிறதே, எப்படிப் பூக்கிறது? உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வந்து காயும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அதேதான். ஈரமாக இருக்கும்போதே வழித்து எடுத்தால் எண்ணெய் உள்ளேயே தங்கிவிடும்.

காய்ந்ததும் மரக் கரண்டியால் சுரண்டி எடுத்துக் கழுவுங்கள். உடனே பார்த்து ஏமாறாதீர்கள். ஈரக் கல் எப்படியும் கறுப்பாகத்தான் இருக்கும், ஒரு நாள் கழித்துப் பாருங்கள். ஒரே தடவையில் போகாது. மூன்று நாலு தடவை ஆகும்.

அசிட்டோன் பெட்ரோல் மாதிரி பற்றும். சிலிண்டர் வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, விளக்கு, ஊதுபத்தி எதுவும் இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள். ராத்திரி சமையல் முடிந்த பிறகு போட்டால் மறுநாள் ஒரு நாளைக்கு அடுப்பை வேறு இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அது முடியாது என்றால் ஆப்பசோடாவைத் தண்ணீரில் குழைத்தும் எண்ணெய்க்குப் பத்துப் போடலாம். மெதுவாகத்தான் இழுக்கும், தடவையும் கூடும், ஆனால் பயமில்லை.

ஆசிட்டை ஒளித்து வைத்தீர்களே, அதற்கு உங்களுக்கு ஒரு கும்பிடு. இந்தக் கல்லில் இரும்பு இருக்கிறது. ஆசிட் பட்டால் மேடை முழுக்க மஞ்சள் பூத்துவிடும். அப்புறம் என்னைக் கூப்பிட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது.

வேதியியல் டீச்சர்

பாலிஷ்காரர் அண்ணா சொன்னதை நானே வகுப்பில் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. மஞ்சளைப் பற்றி மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

சோப்புத் தூள் பட்டுச் சிவந்ததில் பயப்பட ஒன்றும் இல்லை. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறமி சோப்பு, சுண்ணாம்பு போன்ற காரம் பட்டால் சிவக்கும், காரம் போனால் திரும்ப மஞ்சளாகும். வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்திய இடத்தில் சோப்புப் போட்டால் சிவப்பதும் இதுதான். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதை வைத்துத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மஞ்சள் தாளை வைத்துச் செய்கிற சோதனையை நீங்கள் 45 ரூபாய் கூடக் கொடுத்த கல்லில் செய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இந்த நிறமிக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று வெயில். மஞ்சள் தடவிய துணியை வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். உங்கள் மேடையில் வெயில் விழுகிறதா? விழுந்தால் சும்மா விட்டாலே பாதி போய்விடும். இன்னொன்று ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் புண் கழுவுவதற்கு 6 சதவீதக் கரைசல் கிடைக்கும். அசிட்டோனுக்குப் பதில் அதை ஊற்றிச் சாக்பீஸ் தூளைக் குழைத்து, அண்ணா சொன்ன மாதிரியே பத்துப் போடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரல் நுனி வெளுத்துச் சுரீர் என்று எரியும். இது வெளிர் நிறக் கல்லுக்குத்தான். கறுப்புக் கல்லில் போட்டால் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தனியாகத் தெரியலாம். எந்தக் கல்லானாலும் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

தயவுசெய்து இதையும் அதையும் கலக்காதீர்கள். பெராக்சைடில் அசிட்டோனை ஊற்றக்கூடாது. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அடுப்படியில் அது ஆளையே கொல்லும். ஒரு பத்து முடிந்து, கழுவி, காய்ந்த பிறகுதான் அடுத்தது.

கும்பகோணத்து அம்மாவின் கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் வகை. மார்பிளும் கோட்டா கல்லும் அதே இனம்தான். புளிப்பு எது பட்டாலும் கரையும், ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிரானைட்டில் நுரைக்காது. எந்தக் கல் என்று தெரியாமல் வீடு வாங்கியவர்கள் ஒரு மூலையில் இதைச் செய்து பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு செய்தி. தாஜ் மஹாலுக்கும் பத்துப் போடுகிறார்கள். தொல்லியல் துறையினர் 1994-இலிருந்து பல முறை முல்தானி மெட்டியைக் குழைத்து அந்த மார்பிள் மேல் பூசி, காயவிட்டுக் கழுவியிருக்கிறார்கள். புகையும் தூசியும் படிந்து மஞ்சளானதை எடுப்பதற்காக.

ஸ்ரீரங்கத்து மருமகள்

அண்ணா, டீச்சர், அம்மா, எல்லோருக்கும் நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன். புள்ளிகள் கண்ணாடிச் சில்லு மாதிரியேதான் இருக்கின்றன! இரண்டே இரண்டு இடத்தில் மட்டும் டீ சிந்தின மாதிரி பழுப்பு. காந்தத்தில் மயிர் மயிராகத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. கோமேதகத்தைக் கம்பி நாரால் தேய்த்தவள் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சந்தேகம் ஒன்று. முல்தானி மெட்டி வீட்டிலேயே இருக்கிறது. தாஜ் மஹாலுக்கே ஆகும் என்றால் எனக்கு ஆகாதா? கோலமாவு வேலைக்கு ஆகுமா, அதுவும் வெள்ளைதானே?

மேலூர் பாலிஷ்காரன்

முல்தானி மெட்டி இழுக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கே ஒரு மஞ்சள் சாயல் உண்டு. உங்கள் கல் துளை நிறைந்த கல். அதன் தூள் உள்ளே தங்கினால் அதை எடுக்க இன்னொரு பத்து. எதற்கு வம்பு? கோலமாவு மணல் மாதிரி, ஈரத்தைப் பிடித்து வைக்காது, காய்ந்ததும் உதிர்ந்துவிடும். சாக்பீஸ் பெட்டி ஒன்று வாங்கி மிக்ஸியில் அடித்துச் சலியுங்கள், அது போதும்.

வேதியியல் டீச்சர்

மிக்ஸி ஜாரை அப்புறம் நன்றாகக் கழுவுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன், மறுநாள் தேங்காய்ச் சட்னி நறநறவென்று இருந்தது.

கறுப்புக் கல் ஏமாளி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் ஜெட் பிளாக். கறையே தெரியாது என்றுதான் போட்டோம். இப்போது எலுமிச்சை ஜூஸ் டம்ளர் வைத்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக வட்டம். கிரானைட்டை எலுமிச்சை ஒன்றும் செய்யாது என்கிறீர்கள், எங்கள் வீட்டில் செய்திருக்கிறதே?

மேலூர் பாலிஷ்காரன்

சார், வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து, மேடையின் ஒரு மூலையில் அழுத்தித் துடையுங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் அது ஜெட் பிளாக் இல்லை, சாம்பல் நிறக் கல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி விற்றிருக்கிறார்கள். எலுமிச்சை கல்லை ஒன்றும் செய்யவில்லை, சாயத்தைத் தின்றிருக்கிறது. அதற்குப் பத்தெல்லாம் உதவாது. சாயம் முழுவதையும் எடுத்துவிட்டுச் சாம்பல் கல்லாகவே வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஆண்டுதோறும் கறுப்பு மெழுகு தேய்க்கலாம். நான் முதலாவதைத்தான் சொல்வேன்.

துணியில் ஒன்றும் ஒட்டவில்லை என்றால், போர் தண்ணீரின் உப்புப் படிந்திருக்கிறது. புது ஷேவிங் பிளேடைப் படுக்கையாகச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் பொடியாக வந்துவிடும். கிரானைட்டுக்கு மட்டும்தான் பிளேடு. மார்பிளில் கோடு விழுந்துவிடும்.

கறுப்புக் கல் ஏமாளி

துடைத்தேன். துணி கண்மை மாதிரி ஆகிவிட்டது. என் பேரை முன்னாலேயே சரியாகத்தான் வைத்திருக்கிறேன்.

ஸ்ரீரங்கத்து மருமகள்

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

மஞ்சளுக்கு முதலில் வெயில். ஜன்னல் வழியாகக் காலை 7 மணியிலிருந்து 9 மணிவரை அந்த இடத்தில் வெயில் விழுகிறது. அங்கே அடுக்கியிருந்த டப்பாக்களை எடுத்துவிட்டேன். நாலு நாளில் மஞ்சள் நன்றாக மங்கிவிட்டது. அப்புறம் பெராக்சைடு பத்து ஒன்றே ஒன்று. மூடியைத் திறந்தபோது அடியில் இன்னும் ஈரம், எடுத்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. அண்ணா சொன்னது ஞாபகம் வந்து அப்படியே விட்டேன். மறுநாள் மத்தியானம் அது வறண்ட ஏரி மாதிரி வெடித்துக் கிடந்தது. மரக் கரண்டியை நுழைத்துத் தூக்கினால் அப்பளம் மாதிரி முழுசாகப் பெயர்ந்து வந்தது. திருப்பிப் பார்த்தேன், அடிப்பக்கம் எலுமிச்சை நிறம்! கல்லில் இப்போது மஞ்சள் இருந்த சுவடே இல்லை.

எண்ணெய்தான் படுத்திவிட்டது. சிலிண்டர் பக்கத்தில் அசிட்டோன் வேண்டவே வேண்டாம் என்று வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். ஆசிட் பாட்டிலோடு வந்த அதே மனிதர்தான். சரி என்று ஆப்பசோடா பத்து இரண்டு தடவை போட்டேன். கருவட்டம் நிறம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. மூன்றாவதற்கு சனிக்கிழமை பார்த்து, அடுப்பையும் சிலிண்டரையும் பின்கட்டுக்கு மாற்றி, இரண்டு நாள் அங்கேயே சமைத்துக்கொண்டு அசிட்டோன் பத்துப் போட்டேன். அதன் அடிப்பக்கத்தில் தூக்கின் அடி வட்டம் அச்சுக் குத்தின மாதிரி மங்கலாகத் தெரிந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். என் மாமியார் அதை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "நல்லெண்ணெய் வாசனை வருகிறதே" என்றார். எனக்கு வந்தது அசிட்டோன் வாசனைதான். நாலாவது பத்து ஒன்று போட்டேன். இப்போது தெரிந்தவர்கள் உற்றுப் பார்த்தால் தெரியும், அவ்வளவுதான்.

அந்த இரண்டு துருப் புள்ளி அப்படியே இருக்கிறது. அதற்கு ஏதாவது உண்டா?

மேலூர் பாலிஷ்காரன்

சபாஷ் மேடம். எங்கள் ஆட்களே பத்து காய்வதற்குப் பொறுக்க மாட்டார்கள்.

துருவைத் தொடாதீர்கள். துரு எடுக்கும் மருந்து என்று கடையில் விற்பதில் சிலவற்றில் ஹைட்ரோபுளோரிக் ஆசிட் இருக்கும். கண்ணாடியையே அரிக்கிற சாமான், கிரானைட்டையும் விடாது. கையில் பட்டால் தோலோடு நிற்காது, எலும்புவரை போகும். இரண்டு மிளகு அளவுப் புள்ளிக்கு அது தேவையா? நாலு கார்னெட்டோடு ஐந்தாவது கார்னெட்டாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இனிமேல் செய்ய வேண்டியது சீலர், அதாவது கல் எண்ணெயையும் தண்ணீரையும் உறிஞ்சுவதைக் குறைக்கிற திரவம். இதைக் கல் போட்ட அன்றைக்கே செய்திருக்க வேண்டும். மேலே படலமாக நிற்கிற வார்னிஷ் வகை வேண்டாம், கல்லுக்குள் இறங்குகிற சீலர் என்று கேட்டு வாங்குங்கள். மேடை இரண்டு நாள் நன்றாகக் காய வேண்டும். மெல்லிய துணியால் தடவி, டப்பாவில் போட்டிருக்கிற நேரம்வரை விட்டு, மேலே மிச்சம் நிற்பதை வேறு துணியால் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்தான் இருக்கும். துடைக்காமல் விட்டால் பாலாடை மாதிரி படிந்துவிடும், அதை எடுக்க என்னைத்தான் கூப்பிட வேண்டும். அன்று முழுக்கத் தண்ணீர் படக்கூடாது.

சீலர் பிடித்ததா என்று பார்க்க ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். துடைத்த பிறகு அந்த இடம் கறுத்திருந்தால் இன்னொரு கை சீலர் வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவை இதே சோதனை. சீலர் போட்டுவிட்டோம் என்று எண்ணெயை ராத்திரி முழுக்க நிற்க விடாதீர்கள். அது உறிஞ்சுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

கும்பகோணம் பழைய வீடு

எனக்கு ஒன்று தோன்றுகிறது. எங்கள் அம்மியில் 60 வருஷமாக மஞ்சளும் மிளகாயும் அரைத்திருக்கிறோம். அதில் கறை என்று யாரும் ஒரு வார்த்தை பேசினதில்லை. கல்லுக்கு பாலிஷ் போட்டபிறகுதான் இத்தனை பாடு.

ஸ்ரீரங்கத்து மருமகள்

அம்மா, இதை என் மாமியாரிடம் படித்துக் காட்ட மாட்டேன்.

சீலர் நேற்று போட்டாயிற்று. இன்றைக்குக் காலையில் தண்ணீர் சொட்டு விட்டுப் பார்த்தேன். சேப்பங்கிழங்கு இலை மேல் நிற்கிற மாதிரி உருண்டு நிற்கிறது. நான் பாத்திரம் கழுவப் போன நேரத்தில் எண்ணெய்த் தூக்குக்கு அடியில் யாரோ ஒரு எவர்சில்வர் தட்டு வைத்திருக்கிறார்கள். யார் என்று கேட்கவில்லை.

சிங்க் ஓரம் மட்டும் பாக்கி, அண்ணா. சீலர் போட்டும் இன்றைக்குக் கறுக்கிறது.

மேலூர் பாலிஷ்காரன்

கறுக்கத்தான் செய்யும், தண்ணீர் மேலிருந்து வரவில்லை. சிங்க்குக்குக் கீழே கதவைத் திறந்து, அறுத்த ஓரத்தின் அடியில் விரலை வைத்துப் பாருங்கள். ஈரம் இருக்கும். சிங்க்கையும் கல்லையும் ஒட்டியிருக்கிற பழைய சிலிகான் பசையைப் பிளேடால் எடுத்துவிட்டு, மூன்று நாள் அந்த சிங்க்கைத் தொடாமல் காயவிட்டு, அறுத்த ஓரத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் சீலர் தடவி, அதன்மேல் புதுச் சிலிகான் வைக்க வேண்டும். கல்லுக்கென்று தனியாக வரும் சிலிகானைக் கேட்டு வாங்குங்கள். மற்றதில் எண்ணெய் கசிந்து, சிங்க்கைச் சுற்றிப் போட்டோவுக்குச் சட்டம் போட்ட மாதிரி கறை விழும். அப்புறம் திரும்பவும் முதல் பத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

மூன்று நாள் பாத்திரம் எங்கே கழுவுவது என்று கேட்காதீர்கள், பின்கட்டு இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.